நான்கு ரப்பர் கால்கள்

புகுந்த வீட்டில் அவளுக்கு 'ஏன் ராணி' என்று பட்டப்பெயர். குழாய் ஏன் காலையில் மட்டும் இருமுகிறது, மாடிவீட்டுக்காரர் ஏன் செவ்வாய்க்கிழமைகளில் படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறார் என்று எதையாவது குடைந்துகொண்டே இருப்பாள். பெயர் வைத்தவர் மாமனார், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. பாதிப் பேர் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார்கள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் மாமனார் நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்தபோது, "மாமா, அந்தச் சத்தம் மண்டையைப் பிளக்குது!" என்று கத்திவிட்டாள். அன்றிலிருந்து கூடத்தில் பொட்டுச் சத்தம் இல்லை. மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்திருப்பதே இல்லை போலும் என்று நினைத்தாள். ஊரில் இருக்கும் அத்தனை 'ஏன்'களையும் கேட்பவளுக்கு, இதை மட்டும் கேட்க நா எழவில்லை.

அதே இரண்டு வாரமாக லேப்டாப்பும் கொதித்தது. விசிறி ஊளையிடும், திடீரென்று திரை அணைந்துபோகும். ஏற்கெனவே இரண்டு முறை வேலை தாமதம். "இன்னைக்கும் அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று மேலாளர் போனில் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு மறுபடியும் அணைந்தது.

வேறொருத்தியாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். இவளுக்குப் பயத்தைவிட ஆர்வம் ஒரு படி கூட. காற்றுத் துளையில் தூசியா? ஊதிப் பார்த்தாள், சுத்தம். வெயிலா? மேசைப்பக்கம் வெயிலே வராது. மறுபடி போட்டுக் கையில் தூக்கிப் பிடித்தாள், விசிறி அடங்கியது. மேசையில் வைத்தாள், ஊளை. அடியில் கையை விட்டுத் தடவினாள், பிறகு கவிழ்த்தே பார்த்தாள். ரப்பர் கால்கள் இருந்த நான்கு மூலையிலும் வெறும் பசை வட்டங்கள். அடித்துளைகள் மேசையோடு ஒட்டிக்கொள்ள, லேப்டாப் மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது, பாவம்.

தானாக விழுந்தால் நான்குமா விழும்?

கூடத்துக்குப் போனாள். மாமனார் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. குனிந்து பார்த்தாள். நான்கு காலிலும் கறுப்பு ரப்பர்.

"மாமா, இது..."

"உன் பெட்டியிலேருந்துதாம்மா எடுத்தேன். அது எங்க ஓடப்போகுது, ஒரே இடத்துலதானே கிடக்குது, அதுக்கு எதுக்கு டயருன்னு ஒட்டிட்டேன். சத்தம் கேக்குதா?"

"கேக்கல மாமா."

"பத்து தடவை எந்திரிச்சு நடக்கிறேன். உனக்குத் தெரியவே தெரியாது பாரு!" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரப்பரைத் திருப்பிக் கேட்கவில்லை. நான்கு மருந்து பாட்டில் மூடிகளைத் தேடி எடுத்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தாள். நாலே முக்காலுக்கு வேலை போய்ச் சேர்ந்தது.

பிறகு கூடத்துக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரமா என்மேல கோபமா இருக்கீங்கன்னு நினைச்சேன் மாமா."

"கோபமா? எனக்கா?" கிழவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "ஏன்?"

இந்த முறை 'ஏன்' கேட்டது ஏன் ராணி அல்ல.