அம்சவல்லி தேர்தலில் நின்றாள்

இசைவாணி பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்பது அம்சவல்லிக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அடிவயிற்று வலியும் காய்ச்சலுமாக மூன்று நாள் சுருண்டு கிடந்த மகளை பஸ் ஏற்றி ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றுமில்லை என்றாள். ஏழாம் வகுப்பில் அவளோடு படிக்கிற பெண்கள் யாருமே குடிப்பதில்லையாம். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை.

போன வருஷம் வரைக்கும் இடம் இருந்தது. நல்லேரிப்பாக்கம் நடுநிலைப்பள்ளிக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் வேலிகாத்தான் புதர் மண்டிக் கிடந்தது. பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அதற்குள் போய் வருவார்கள். 1991 பிறந்ததும் ஏதோ கம்பெனி அந்த நிலத்தை வாங்கியது. புதரை வெட்டி, முள்கம்பி கட்டி, ஒரு வாட்ச்மேனையும் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பையன்களுக்குச் சுவரோரம் போதும். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஏழாம் வகுப்பில் மூன்று பெண்கள் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஊரில் யாரும் கேட்கவும் இல்லை.

அம்சவல்லி வாலாஜாபாத் போகிற சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் ரத்தினத்தின் கடை அது. நாலு வருஷத்துக்கு முன்னால் லாரியில் கிளீனராகப் போகிறேன் என்று கிளம்பியவன், பெங்களூர் பக்கம் வேறு குடும்பமாக இருக்கிறான் என்ற செய்தியோடு சரி. அவன் விட்டுப்போனது ஒரு காற்றுப் பம்பு, இரண்டு ஸ்பேனர், ஆறு வாடகை சைக்கிள். எல்லாவற்றையும் விற்றுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் டியூபைப் பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி விடுகிறது என்று தானே பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் ஆண்கள் கூச்சப்பட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்து போனார்கள். அடுத்த பஞ்சர் கடை நாலு மைல் தள்ளி. இரண்டாவது மாதம் நின்றார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒன்று இருந்தது. ரைஸ்மில் கோதண்டராமன் ஒன்பது வருஷமாக அதற்குத் தலைவர். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம் போடுவார்கள். தலைமையாசிரியர் ஜீவானந்தம் பெயரை வாசிப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள், டீயும் பிஸ்கட்டும் வரும். புதர் நிலத்தைக் கம்பெனிக்குப் பேசி முடித்துக் கொடுத்ததும் கோதண்டராமன்தான். அந்தச் சந்தோஷத்தில் அந்த வருஷம் பள்ளி வாசலில் தன் அப்பா பெயரில் ஒரு வளைவு கட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். செங்கல் ஏற்கெனவே வந்து மைதானத்தில் அடுக்கியாகிவிட்டது.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாலு பேர் கூடி நின்றாலே போலீஸ் ஜீப் வந்து விசாரித்தது. அதனால் ஜீவானந்தம் கூட்டத்தை அரைமணியில் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்தார். கோதண்டராமன் பெயரை வாசித்ததும் முன்வரிசையில் கை தட்டினார்கள். அப்போது தாவீது எழுந்தான். காலனிக்காரன், ஹைவேயில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எட்டாம் வகுப்புக்கு இரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார் இல்லை, அதற்காகத் தலைவர் பதவிக்குத் தானும் நிற்கிறேன் என்றான். காலனியிலிருந்து ஒருவன் நிற்பது அதுவே முதல் தடவை. கூட்டம் அதை ஜீரணிப்பதற்குள் கடைசி வரிசையில் அம்சவல்லி எழுந்து, நானும் நிற்கிறேன், பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும் என்றாள்.

சிலர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த வார்த்தையை ஒரு பெண் சபையில் சொன்னதற்கே சிரித்தார்கள்.

கோதண்டராமன் சிரிக்கவில்லை. பொறுமையாக, அட்மிஷன் ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறவர்கள்தான் கழகத்தில் உறுப்பினர், இந்தம்மா பெயர் அதில் இல்லையே என்றார். தலைமையாசிரியர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். இசைவாணி, தந்தை பெயர் ரத்தினம். அவ்வளவுதான் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருந்தது.

அம்சவல்லி உட்காரவில்லை.

"பெத்தோர் ஆசிரியர் கழகம்னு போர்டு மாட்டி கீது சார். என் பொண்ண நான் பெத்தேன். அவங்கப்பன் எங்க கீறான்னு இங்க யாருக்கனா தெரிஞ்சா சொல்லட்டும், இட்டுனு வந்து நிக்க வெக்கிறேன்."

"சட்டம்னு ஒண்ணு கீதும்மா" என்றார் கோதண்டராமன்.

"நாலு வருஷமா ரேங்க் கார்டுல கையெழுத்து யாருது சார்?" என்று அவள் தலைமையாசிரியரையே பார்த்துக் கேட்டாள். "நீங்கதான வாங்கி வெச்சீங்க? அப்போ செல்லுச்சு, இப்போ செல்லாதா?"

ஜீவானந்தம் சண்டைக்குப் போகிற மனிதர் அல்ல. கோதண்டராமன் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஆனால் இருபத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு அந்தக் கேள்விக்குத் தப்பான விடை சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கையெழுத்துச் செல்லும் என்றால் உறுப்பினர் என்பதும் செல்லும் என்றார். அம்மாக்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, அடுத்த சனிக்கிழமை தேர்தல். சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்து ஆள் ஒருவன் மில்லில் வேலை செய்யும் இரண்டு பேரோடு வந்து, சாலைப் புறம்போக்கில் கடை இருக்கக் கூடாது என்று கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டான். அதே கொட்டகை அங்கே பதினோரு வருஷமாக இருந்தது. அம்சவல்லி வாதாடவில்லை. கீற்றை இழுத்து ஓரம் போட்டாள். புதன்கிழமை காலையில் அதே இடத்தில் வெறும் தரையில் கோணி விரித்து, பம்பையும் தொட்டியையும் வைத்து உட்கார்ந்தாள். வெயில் ஏறியதும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கொட்டகையைப் பிரித்தது அவளுக்கு நல்லதாகத்தான் போயிற்று. சாலையில் போகிற ஒவ்வொருவரும் என்ன ஆயிற்று என்று கேட்க நின்றார்கள். நின்றவர்களிடம் அவள் வளைவைப் பற்றியோ கோதண்டராமனைப் பற்றியோ பேசவில்லை.

"உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்குதான்னு கேட்டுட்டு வந்து ஓட்டுப் போடு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. காற்றடிக்கத் திரும்பிவிடுவாள்.

நாற்று நடப் போகிற பெண்களிடம் அதையே தாயாரம்மாள் கொண்டு போனாள். அவள் பேத்தி திரும்பி வராத மூன்று பேரில் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை தாவீது சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தான். அவன் விலகிக்கொண்டால் தான் ஜெயித்துவிடலாம் என்று அம்சவல்லி நேராகவே சொன்னாள். "கணக்கு வாத்தியார் வேணாம்னு சொல்லச் சொல்றியாக்கா?" என்று அவன் கேட்டான். காலனியிலிருந்து ஒருவன் முதல் தடவை நிற்கிறான், நிற்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டால் அடுத்தவன் எப்போது நிற்பான் என்றும் அவன் சொன்னான். அவள் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து அனுப்பினாள்.

கை தூக்கி ஓட்டுப் போட்டால் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பெண்கள் தூக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறைத்துத்தான் போட வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கினாள். எழுதத் தெரியாதவர்கள் பாதிப் பேர் என்பதால் ஜீவானந்தம் ஒரு வகுப்பறைக்குள் மூன்று பானைகளை வைத்து, ஒன்றில் வளைவும், ஒன்றில் கூட்டல் குறியும், ஒன்றில் சைக்கிளும் சாக்பீஸால் வரைந்தார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். உள்ளே போன சில பெண்கள் வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் யாரும் பார்க்காத இடத்தில் நின்று ஒன்றைத் தீர்மானிப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை.

கோதண்டராமன் அறுபத்தொன்று. அம்சவல்லி ஐம்பத்தெட்டு. தாவீது இருபத்து மூன்று.

மில் ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். தாவீதால்தான் தோற்றாய் என்று இரண்டு மூன்று பேர் அம்சவல்லியிடம் வந்து சொன்னார்கள். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. நேராகத் தலைமையாசிரியர் மேஜைக்குப் போய், வளைவு வேண்டும் என்று போட்டவர்கள் அறுபத்தொரு பேர், வேறு வேண்டும் என்று போட்டவர்கள் எண்பத்தொரு பேர், இதையும் மினிட் புத்தகத்தில் எழுதுங்கள் சார் என்றாள். அவர் எழுதினார். கோதண்டராமன் மாலையோடு சிரித்துக்கொண்டே, எழுதினா எழுதிக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணி இடைவேளையில் அம்சவல்லி பள்ளி வாசலுக்கு வந்தாள். பதினோரு பெண்களை வரிசையாக நிற்க வைத்து நடத்திக்கொண்டு போனாள். பள்ளிக்குப் பின்தெருவில் கோதண்டராமன் வீடு. ஊரிலேயே கழிப்பறை இருந்தது அந்த வீட்டுக் கொல்லையில் மட்டும்தான். கொல்லைக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி சுந்தராம்பாள் திறந்தாள்.

பெண்கள் போய்விட்டு வரட்டும் என்று அம்சவல்லி கேட்டாள். சுந்தராம்பாள் வரிசையைப் பார்த்தாள். கடைசிப் பெண் வரைக்கும் பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு, கிணற்றில் ஒரு வாளி இறைத்து வைத்தாள்.

மறுநாளும் வந்தார்கள். கோதண்டராமனுக்குச் செய்தி போய், மில்லிலிருந்து வேகமாக வந்தார். தெருவில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் வூடு இன்னா சத்திரமா?" என்று கத்தினார்.

"தலைவர் வூடுண்ணே" என்றாள் அம்சவல்லி. "நீங்க ஜெயிச்சீங்க. ஜெயிச்சவரு கிட்டதான வரணும்? நான் தோத்தவ. என் வூட்டுல கக்கூஸ் இல்ல."

வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் திரும்பி முறைத்தார். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்து, வரிசை கலையாமல் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் அம்சவல்லி ஒன்றைக் கவனித்தாள். காலனிப் பெண்கள் ஆறு பேர் வரிசையில் சேராமல் பள்ளிச் சுவரோரம் நின்றார்கள். அவர்களாகச் சேர மாட்டார்கள், யாரும் கூப்பிடவும் இல்லை. முதல் இரண்டு நாள் தன் கண்ணுக்கும் அது படவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. கையைப் பிடித்துக் கூட்டி வந்து வரிசையின் முன்னால் நிறுத்தினாள். அன்றைக்குச் சாயந்திரமே கோதண்டராமன் கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் பூட்டைப் பார்த்து வரிசை நின்றது. சுந்தராம்பாள் வீட்டைச் சுற்றி வந்து தெருவில் நின்றாள்.

"முன்வாசல் தொறந்து கீது. அப்படி வாங்க" என்றாள்.

பதினேழு பெண்கள் முன்வாசல் வழியாகக் கூடத்தைத் தாண்டி, சாமி அறையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனார்கள். காலனிப் பெண்கள் ஆறு பேர் முதலில் போனார்கள். சுந்தராம்பாள் வாசற்படியிலேயே நின்றாள். அம்சவல்லி அவளிடம் மெதுவாக, வீட்டில் உங்களுக்குச் சங்கடம் வருமே அக்கா என்றாள்.

சுந்தராம்பாள் உள்ளே போகிற பெண்களைப் பார்த்தாள். "பொதருக்குள்ள போவ வெக்கப்பட்டுத்தான என் பொண்ணு ஏழாவதோட நின்னா" என்றாள். "அப்ப இந்தக் கக்கூஸ் கட்டல. அவ கல்யாணத்துக்கு மாப்பிள்ள வூட்டுக்காரங்க வராங்கன்னு கட்டினாரு."

அன்று அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. சுந்தராம்பாள் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கொல்லைக் கதவில் பூட்டு இல்லை. ஊரே கூடம் வழியாகப் போவதைவிடக் கொல்லை வழியாகப் போவது மேல் என்று கோதண்டராமன் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் வரைக்கும் வரிசை போனது. அதற்குள் நெல் கொண்டு வருகிற வெளியூர்க்காரர்கள்கூட மில்லில் இறங்கியதும் அதைப் பற்றித்தான் விசாரித்தார்கள். பத்தாம் நாள் காலையில் கோதண்டராமன் பள்ளிக்கு வந்து, யாரையும் பார்க்காமல், செங்கல்லை எடுத்து எதை வேண்டுமானாலும் கட்டித் தொலையுங்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பெயரை எங்கே போடலாம் என்று ஜீவானந்தம் அப்பாவியாகக் கேட்டாராம். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

தாவீது தன் கம்பெனி நண்பர்கள் மூன்று பேரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து குழி எடுத்துச் சிமெண்ட் உறை இறக்கிக் குழாய் போட்டான். தாயாரம்மாள் கல் சுமந்தாள். மழைக்கு முன்னால், மூன்று அறை, தகரக் கதவு. தாயாரம்மாளின் பேத்தி தீபாவளி கழித்துப் பள்ளிக்கு வந்தாள். மற்ற இரண்டு பெண்களும் வரவில்லை. அவர்களில் ஒருத்திக்கு அதற்குள் நிச்சயம் ஆகியிருந்தது. அம்சவல்லி அந்த வீட்டுக்கு மூன்று தடவை போய்ப் பேசினாள். பலிக்கவில்லை.

மறு வருஷம் தேர்தலில் ஆறு பேர் நின்றார்கள், அதில் நாலு பேர் பெண்கள். அம்சவல்லி ஜெயித்தாள். தாவீது செயலாளர். கூட்டத்துக்குக் கூட்டம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், சண்டை போட்டபடியே ஒரே பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குப் போய்க் கல்வி அலுவலகத்து வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தது அதற்கும் அடுத்த வருஷம். அப்போது இசைவாணி வாலாஜாபாத் உயர்நிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள், அந்த வாத்தியாரிடம் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. அம்சவல்லிக்கு அதை நினைக்க நேரமில்லை. எட்டாம் வகுப்பில் அந்த வருஷம் பத்தொன்பது பெண்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு பெஞ்சு பத்தவில்லை என்று ஜீவானந்தத்தோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.