விப்டெயில் மீனும் என் அடைக்கோழி உதாரணமும்

இன்று சித்தூரில் வண்ணமீன் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் பையில் விப்டெயில் கெளுத்தி ஒன்றை வைத்திருந்தார். குச்சி உடம்பு, சாட்டை வால்.

"எட்டு நாளா முட்டை மேலயே பட்துக்கினு கீது சார். துன்னுதுன்னு புடிச்சாந்துட்டேன்" என்றார். பையைக் கடைக்காரரிடம் நீட்டி, "புள்ளைங்களத் துன்றவன ஆஸ்கர் மீனு தொட்டில போடுப்பா. அதுங்க துன்னட்டும்" என்று சிரித்தார்.

அது அப்பா மீன். இந்த இனத்தில் ஆண்தான் முட்டை மேல் கிடந்து, பூஞ்சை பிடிக்காமல் துடுப்பால் விசிறிக் காக்கும்.

அதை நேராகச் சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் பாடம் எடுத்த வாய் உதாரணத்தில்தான் தொடங்கும்.

"அடைக்கோழியைத் தூக்கிட்டா முட்டை என்னாகும்?"

"கூமுட்டை ஆயிடும் சார்."

"சரியாச் சொன்னீங்க. இப்ப இந்த மீன்..."

"அயிப்போயிந்தி சார், முடிஞ்சு போச்சு" என்றார் கடைக்காரர். பை காலியாக இருந்தது. ஆஸ்கர் ஒன்றின் வாயோரம் சாட்டை வால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

வந்தவர் நிம்மதியாகக் கேட்டார்: "இனிமே ஊட்ல இருக்கற முட்டைங்களுக்கு ஒண்ணும் ஆவாதில்ல சார்?"

என்னிடம் படித்தவர்களே, உதாரணம் இல்லாமல் இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.