மொட்டைக்காருக்கு விளக்கெண்ணெய்

போன வாரம் மருமகள் தபாலில் ஒரு குப்பி வரவழைத்திருந்தாள். சுண்டு விரல் உயரம்தான் இருக்கும். சொட்டுச் சொட்டாக விடுவதற்கு மூடியிலேயே கண்ணாடிக் குழாய் வைத்திருந்தது. தடவினால் புருவம் அடர்த்தியாக வளருமாம். என்னதான் அது என்று திறந்து முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய். என் வயதுக்காரர்களுக்கு அந்த வாசம் பட்டால் வயிறு ஞாபகம் வரும். எனக்கு வலது கால் தானாக நீண்டு தரையை அழுத்தியது.

"என்ன மாமா, கால் இழுக்குதா?" என்றாள் மருமகள்.

"இல்லம்மா, பிரேக் போட்டேன்" என்றேன்.

அவள் போய் மகனிடம் ஏதோ சொன்னாள். அன்று சாயந்தரம் எனக்குப் பிரஷர் பார்த்தார்கள். வீட்டில் சொல்ல முடியாமல் போனதால் உங்களிடம் சொல்கிறேன்.

வருஷம் அறுபத்திரண்டோ அறுபத்து மூன்றோ, சரியாக நினைவில்லை. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் பிட்டராக இருந்தேன். பிட்டர் என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றுபோனால் கூப்பிடுவார்கள். நான் போய்த் தட்டிப் பார்ப்பேன். சில நாட்களில் அது பயந்துபோய் ஓடும். "கழட்டத் தெரிஞ்சவன் பிட்டர், கழட்டினதைத் திரும்ப மாட்டத் தெரிஞ்சவன் ஹெட் பிட்டர்" என்று தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டீமேக்கர் ஐயா சொல்வார். நான் கடைசி வரைக்கும் பிட்டர்தான்.

தோட்டத்துச் சின்னத்துரைக்கு, அதாவது உதவி மேனேஜருக்கு, ஏறக்குறைய என் வயது. சீமையிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வேறொரு துரையிடமிருந்து முப்பதுகளில் செய்த ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். சித்திரையில் நுவரெலியாவில் சீசன் வரும்போது மலைப் பாதையில் கார்ப் பந்தயம் வைப்பார்கள். ஒவ்வொரு காராகக் கீழேயிருந்து கிளப்பி, உச்சிக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் என்று பார்ப்பதுதான் பந்தயம். அதற்காகக் காரின் எடையைக் குறைக்கிறேன் என்று மக்கார்டைக் கழற்றினார், கூரையைக் கழற்றினார், கதவு, பக்கத்துச் சீட், கைப்பிரேக் எல்லாவற்றையும் கழற்றினார். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டு, "பாவம், யாரு நேர்ந்துக்கிட்டதோ" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அதற்கு மொட்டைக்கார் என்று பெயர்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துபோயிருந்தது. பிரேக் ஆயில் கொழும்பிலேயே கிடைக்கவில்லை. சின்னத்துரை யோசித்தார். ஆயில் என்றால் ஆயில்தானே என்று பிரேக் டப்பாவில் இஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சக்கரத்துக்குள் சின்னச் சின்ன சிலிண்டர் இருக்கும், ஒவ்வொன்றிலும் ரப்பர் மூடிகள். பெடலை மிதித்தால் ஆயில் போய் அந்த ரப்பரைத் தள்ளும், ரப்பர் பிரேக் கட்டையைத் தள்ளும், கட்டை சக்கரத்தைப் பிடிக்கும். இஞ்சின் ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். அப்புறம் பிடித்த பிரேக் விடாது. மொட்டைக்கார் தொழிற்சாலை மேட்டில்கூட முக்கிக்கொண்டு ஏறியது.

சின்னத்துரை என்னைக் கூப்பிட்டார். துரைமார் பேசுகிற தமிழ் உங்களுக்குத் தெரியாது. எங்களிடமே கற்றுக்கொண்டு எங்களுக்கே உத்தரவு போடுகிற தமிழ் அது.

"பிட்டர், பிரேக் கழட்டு."

"சரி பண்ணித் தரவாங்க துரை?"

"வேணாம். மேலே போறது பிரேக் என்னத்துக்கு? கழட்டு. கியர் இருக்கு."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மலை ஏறுகிறவனுக்கு எதற்குப் பிரேக்? சரிங்க துரை என்று வந்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு டிரைவர் சவரிமுத்து அண்ணன் வந்தார். யுத்த காலத்தில் பட்டாள லாரி ஓட்டியவர், நாற்பது வயதுக்கு மேலிருக்கும், மூன்று பெண் பிள்ளைகள். வெற்றிலையை மடித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரேக்கைக் கழட்டச் சொன்னாராமே."

"ஆமாண்ணே. மேல போறதுக்கு எதுக்குன்னு கேட்டாரு."

"வாஸ்தவம். மேல போறது அவரு." வெற்றிலையை வாய்க்குள் தள்ளினார். "கீழ வர்றது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காரை நுவரெலியாவுக்குத் தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. திரும்பி வரும்போது அதே லாரியில் பெரியதுரை பங்களாவுக்கு ஒரு பியானோ வருகிறது. பியானோவை ஓட்டிக்கொண்டு வர முடியாது, காரை ஓட்டலாம் என்று முடிவாகியிருந்தது. சின்னத்துரை பந்தயம் முடிந்து கிளப்பில் தங்கிவிடுவார். நானுஓயா வளைவுகளில் மொட்டைக்காரை இறக்கிக்கொண்டு வர வேண்டியவர் சவரிமுத்து அண்ணன்.

"முடியாதுன்னு சொல்லிடுங்கண்ணே."

"சொன்னா காரையும் விடணும், லயத்து வீட்டையும் விடணும். மூணு புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு எங்க போறது?" என்றார். "நீங்க துரை மேல போறதுக்குக் கார் செய்யாதீங்க தம்பி. நான் கீழ வர்றதுக்குச் செய்ங்க."

"பிரேக் ஆயிலுக்கு எங்கண்ணே போறது?"

"பிரேக் ஆயில் டின்ல இருக்கிறது பாதி விளக்கெண்ணெய், பாதி ஸ்பிரிட்டு. பட்டாளத்துல இருக்கும்போதே மோந்து பாத்திருக்கேன்."

உள்ளபடி சொன்னால் அதற்கு முன்னால் நான் கார் பிரேக்கைத் திறந்தே பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடம் தோட்டத்து ஆஸ்பத்திரிதான். அங்கே டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். தலைவலி என்று போனாலும் விளக்கெண்ணெய் கொடுப்பார், தடுமன் என்று போனாலும் அதுதான். வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்குச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு மடங்கு. ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்.

"விளக்கெண்ணெய் ஆருக்கு?"

"மொட்டைக்காருக்குங்க ஐயா."

"என்ன வருத்தம்?"

"இறுக்கங்க. புடிச்சா விட மாட்டேங்குது."

"எத்தினை நாளா?"

"ரெண்டு வாரமாங்க."

"முதல்ல என்ன குடுத்தவை?"

"துரை இஞ்சின் ஆயில் குடுத்துட்டாருங்க."

அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இறுகும்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். பெரிய போத்தலில் விளக்கெண்ணெய், சின்ன போத்தலில் ஸ்பிரிட். வாசல் வரைக்கும் வந்து, "குடுத்துப் பாத்திட்டு எப்பிடி எண்டு வந்து சொல்லும்" என்றார்.

உப்பிய ரப்பருக்குப் பதில் என்ன செய்வது என்று தெரியவில்லை. சாமான் அறையில், தேயிலையில் கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும் பம்புகள் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்குள் தோலில் செய்த வாசர் உண்டு, குட்டிக் கிண்ணம் மாதிரி. ஓட்டைப் பம்புகளாகப் பார்த்து ஒன்பது எடுத்தேன். கொஞ்சம் பெரிசாக இருந்தன. கண்ணாடித் துண்டால் ஓரம் சீவி, விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டேன். குழாய்களையெல்லாம் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, தோலை மாட்டி, எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்து ஊற்றினேன். சவரிமுத்து அண்ணன் பெடலை மிதித்தார். பிடித்தது. காலை எடுத்தார். விட்டது. நான் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் தோலல்லவா, கசிந்தது. அரை மணிக்கு ஒரு கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கசிஞ்சா ஊத்திக்கிட்டே வரணும்" என்றேன்.

"ஊத்துறது யாரு? நான் ஓட்டுவேனா ஊத்துவேனா?" என்றார். "செஞ்சவன் பக்கத்துல உக்காரணும் தம்பி."

சீட்தான் இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு காலித் தேயிலைப் பெட்டியைக் காட்டினார்.

பந்தயத்தன்று சாமான் பெட்டியோடு நானும் போயிருந்தேன். சின்னத்துரை மற்றத் துரைமாரிடம் பிரேக் இல்லாத காரில் ஏறப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரேக் இருப்பது தெரியாது. நாங்கள் இருவரும் மேல் வளைவுக்குப் பக்கத்தில் மண்மேட்டில் நின்றோம். கார் வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாவின் தொப்பி காற்றில் பறந்து ரோட்டில் விழ, அதைக் கவ்வ அவளுடைய நாய் ஓடியது. வேறு யாராவது குறுக்கே போயிருந்தால் சின்னத்துரை என்ன செய்திருப்பாரோ தெரியாது. நாய் என்றதும் கால் தானாகப் போய்விட்டது. கிரீச்சென்று ஒரு சத்தம். நாய் தொப்பியோடு அந்தப் பக்கம் போனது, கார் உச்சிக்குப் போனது. ரோட்டில் இரண்டு கறுப்புக் கோடுகள் கிடந்தன.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு" என்றார் சவரிமுத்து அண்ணன்.

பரிசு கிடைக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தால், பிரேக் இல்லாமல் ஏறியதற்காக எல்லோரும் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் தனியாக வந்தார்.

"பிட்டர். பிரேக் கழட்டினியா?"

"கழட்டினேங்க துரை."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காற்றில் விளக்கெண்ணெய் வாசம் இலேசாக இருந்தது. "குட்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்ப மாட்டினாயா என்று அவர் கேட்கவில்லை, நானும் ஹெட் பிட்டர் இல்லை.

சாயந்தர மூடுபனி இறங்குவதற்குள் கிளம்பினோம். தேயிலைப் பெட்டியைக் கயிற்றால் கட்டி நான் உட்கார்ந்தேன், மடியில் டிஸ்பென்சர் ஐயாவின் போத்தல். கதவு இல்லாத காரில் போனால் ரோடு நமக்குப் பக்கத்திலேயே ஓடி வரும். நானுஓயா வளைவுகளில் நன்றாகவே பிடித்தது. இரண்டு தரம் நிறுத்தி ஊற்றினேன். தலவாக்கலை தாண்டும்போது போத்தல் காலி.

அட்டனுக்குள் நுழைகிற இறக்கத்தில் முன்னால் ஒரு பஸ் திடீரென்று நின்றது. சவரிமுத்து அண்ணன் மிதித்தார், பெடல் அடிவரைக்கும் போனது. இரண்டாம் தரம் மிதித்தார், பாதிக்குப் போனது. எனக்கு அவருடைய மூன்று பிள்ளைகளும் வாசலில் நிற்பது கண்ணில் தெரிந்தது. என் வீட்டு ஆட்கள் ஏனோ தெரியவில்லை. மூன்றாம் மிதிக்குப் பிடித்தது. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் பஸ்ஸைத் தொடலாம். தொட்டும் பார்த்தேன்.

பிறகு அவர் என் பக்கம் குனிந்து பார்த்தார். நான் இரண்டு கைகளாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் காரின் தரைப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தேன். நுவரெலியாவிலிருந்தே அழுத்திக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

"தம்பி" என்றார். "ஒங்க பக்கம் பிரேக் இல்ல. காலை எடுங்க."

எடுக்க வரவில்லை. அவரே குனிந்து முழங்காலைத் தட்டி எடுத்துவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நோயாளி எப்பிடி?"

"இளகிருச்சுங்க ஐயா."

"அதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. சின்னத்துரை சீமைக்குப் போனார். போகிற அன்று தொழிற்சாலைக்கு வந்து என் கையைக் குலுக்கினார், காரணம் சொல்லவில்லை. மொட்டைக்காரை யாரோ கொழும்பிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள். டிஸ்பென்சர் ஐயா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது சுவர் மட்டும் இருக்கிறது. தொழிற்சாலையை வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்வி.

இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்தபோது எனக்கு இலங்கைப் பக்கம் விழுந்தது, சவரிமுத்து அண்ணனுக்கு அந்தப் பக்கம். அவர் பிறந்தது டிக்கோயாவில். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அட்டன் ஸ்டேஷனில் அவரை ரயில் கோச்சியில் ஏற்றிவிடப் போனேன். மேடையெங்கும் அழுகை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். "ரோலர் நின்னா ரொம்பத் தட்டாதீங்க தம்பி, அதுக்கும் வயசாகுது" என்றார். கோச்சி நகர்ந்தது. அட்டனிலிருந்து அந்தப் பாதை முழுக்க இறக்கம்தான்.

இரண்டு மாதம் கழித்துக் கூடலூர்ப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. அவருக்கு எழுத வராது, மூத்த மகள் எழுதியிருந்தாள். நல்லபடியாக வந்து சேர்ந்தோம், இங்கும் குளிர்தான், தேயிலைதான் என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தாள்.

"கோச்சியில் தலைமன்னார் துறைமுகம் போய்ச் சேரும் வரைக்கும் அப்பா வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டே வந்தார். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை, மாமாவுக்குத் தெரியும் என்கிறார்."