வரக்கூடாது என்று நேர்ந்த உழவு மெசின்

அந்த வருசம் மழை எங்களைக் கைவிட்டுவிட்டது. பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற எழுபதுகளில் ஒரு வருசம். முருங்கனிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில் எங்கள் ஊர். மாரி பொய்த்தது, குளம் வறண்டு வெடித்தது, ஆனி பிறக்க ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்தன. எங்கள் வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீராக நின்றது. கொடுத்துவைத்தவள் என்பீர்கள். ஊரெல்லாம் உவராகக் கிடக்கும்போது நல்ல தண்ணீர் வைத்திருப்பவளுக்கு ஏது நித்திரை?

எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாகத்தான் கிடக்கும். அதற்குக் கீழே உவர். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறிவிடும், அதற்குப் பிறகு அந்தக் கிணற்றை ஆடு மாடும் எட்டிப் பாராது. அதனால் வேலிப் படலையடியில் குடத்தோடு ஒரு தலை தெரிந்தாலே எனக்கு வயிறு எரியும்.

அடியவர்களே, என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இலேசில் ஒருவரையும் நம்புகிறவள் அல்ல. சிரித்துக்கொண்டு ஒருவர் வந்தால், இவருக்கு என்ன வேண்டுமோ என்றுதான் முதலில் பார்ப்பேன். எனக்கு வாய்த்தவரோ நேர்மாறு. கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டாலும் கூப்பிட்டுக் கொடுப்பார்.

மழை வேண்டிப் பிள்ளையார் கோயிலில் கதை படிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லுவார். எங்கள் கோயிலில் பயன் சொல்வது எனக்கு வாய்த்த இவர்தான். அந்த வருசம் வந்தது ஒரு ராசாவின் கதை. அவர் பெயர் என் வாயில் நுழையாது, எங்கள் வீட்டில் அவர் 'தண்ணி குடுத்த ராசா'. நாட்டையும் பொன்னையும் தானம் செய்துவிட்டுப் பட்டினி கிடந்தாராம். கடைசியில் ஒரு வாய்ச் சோறும் ஒரு செம்பு தண்ணீரும் கிடைத்ததாம். சோற்றை வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். தண்ணீரை வாயில் வைக்கப்போகும்போது தாகத்தில் ஒருவன் வந்து கையேந்தினான். செம்பை அப்படியே கொடுத்துவிட்டார். எனக்குச் சொர்க்கம் வேண்டாம், இவன் தாகம் தீர்ந்தால் போதும் என்றாராம். இதை இவர் உருகி உருகிச் சொன்னார். சனம் கண்ணைத் துடைத்தது. எனக்கு மட்டும் ஒரு கேள்வி. ராசா எல்லாவற்றையும் கொடுத்தார், சரி. பெண்சாதி பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

கதை படித்த கையோடு இவர் படலையைத் திறந்துவிட்டார். குடம் கொண்டுவந்தவர்களையாவது பொறுத்துக்கொண்டேன். உழவு மெசின் மணியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டி நிறையப் பீப்பாய் அடுக்கிக்கொண்டு தினமும் வெயில் ஏற வருவான். கடற்கரையில் மீன்பிடிக்க வாடி போட்டுத் தங்கியிருந்த, மாதாவைக் கும்பிடும் வேதக்காரச் சனத்துக்குச் சும்மா கொண்டுபோகிறேன் என்பான். சும்மாவா? டீசல் கிடைக்காத காலத்தில்? அவன் காலில் புதுச் செருப்பு வேறு. நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இஞ்சாருங்கோ, அவன் முழுத் தண்ணியையும் வாடிக்குத்தான் கொண்டு போறானெண்டு நீங்கள் கண்டனீங்களோ?" என்று இவரிடம் கேட்டேன்.

"காணேல்லை."

"பிறகு என்னெண்டு குடுக்கிறியள்?"

"தண்ணி எண்டு வந்து நிக்கிறவனிட்டை விசாரணையே வைக்கிறது?"

"அந்த ராசா விசாரிச்சிருக்க வேணும். விசாரிச்சிருந்தா அந்த மனிசிக்கு ஒரு வாய்ச் சோறு மிஞ்சியிருக்கும்!"

இவர் சிரித்துவிட்டுக் கிணற்றுத் துலாவைப் பிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடியில் ஒரு நாள் எங்கள் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். நாக்கில் சாடையாக உப்புக் கரித்தது. அன்று பின்னேரம் பிள்ளையாருக்கு முன்னால் போய் விழுந்தேன். "அப்பனே, இவரின்ரை கையை மூடப் பண்ணு. அது உன்னாலை ஏலாதெண்டா அந்த மெசினையாவது நிப்பாட்டு. நாளைக்கு அது எங்கடை படலையடிக்கு வரக்கூடாது. ரயர் வெடிக்கட்டும், டீசல் முடியட்டும், என்னவும் நடக்கட்டும். தேங்காய் உடைக்கிறன்" என்று அழுது நேர்ந்தேன்.

மறுநாள் கிழக்கு வெளுக்கவேயில்லை, இவர் வழக்கம்போல முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தார், படலையில் மெசின் சத்தம்! ஒருநாளும் இல்லாத வெள்ளெனவாக வந்து நின்றான். பிள்ளையார் என்னோடு சேட்டை விடுகிறார் என்று நினைத்தேன். கோபத்தில் வெளியே எட்டியும் பார்க்கவில்லை. இவர் துலாவில் அள்ளி ஊற்றுவதும், பீப்பாய் நிரம்புவதும், மணியத்தின் சிரிப்பும் குசினி அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் பல்லைக் கடித்தேன்.

பிறகு இவர் கத்தினார்.

கிணற்றடியில் சிந்திய தண்ணீருக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருந்தேன். வந்தது புடையன் பாம்பு. கணுக்காலுக்கு மேலே கொத்திவிட்டு வேலிக்குள் போய்விட்டது. நான் ஓடிவந்தபோது கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

"விசகடிப் பரிகாரியாரிட்டைக் கொண்டு போவம்!" என்று குழறினேன்.

"பரிகாரியார் கதிர்காமம் போயிட்டார் அக்கா. ஆசுப்பத்திரிக்குத்தான் போகவேணும். ஏறுங்கோ கெதியா!"

மணியம் இவரைக் குழந்தைப் பிள்ளைபோலத் தூக்கிப் பெட்டி ஓரத்தில் கிடத்தினான். பெட்டி முழுக்க நிரம்பிய பீப்பாய்கள். அந்தப் பாரத்தோடு மெசின் ஊரும், ஓடாது. அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு பீப்பாயாகச் சரித்து ஊற்றினான். ஊரே தவித்துக் கிடக்கும் கோடையில் அவ்வளவு நல்ல தண்ணீரும் எங்கள் முற்றத்து மணலில் ஓடியது. "ஐயோ, என்ரை தண்ணி!" என்று கத்திவிட்டேன். புருசன் சாகக் கிடக்கிறார், எனக்கு வாயில் வந்தது அது. அவன் காதில் வாங்காமல் ஏறி மெசினை முடுக்கினான்.

வழியில் இவருக்குப் பல் முரசால் இரத்தம் கசிந்தது. தலையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டேன். நேற்று மெசின் வரக்கூடாது என்று கேட்ட அதே வாயால், இந்த மெசின் இடையில் நின்றுவிடக்கூடாது என்று கேட்டேன். ரயர் வெடிக்கட்டும் என்றேனே! ஒவ்வொரு பள்ளத்திலும் என் உயிர் போய்வந்தது. ரயர் வெடிக்கவில்லை.

முருங்கன் ஆசுப்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். இன்னும் சுணங்கியிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார் டொக்டர். வெளியே வாங்குப் பலகையில் மணியமும் நானும் குந்தியிருந்தோம். கொஞ்சம் மூச்சு வந்ததும் என் புத்தி பழையபடி வேலை செய்யத் தொடங்கியது.

"தம்பி, ஏன் இண்டைக்கு இவ்வளவு வெள்ளென வந்தனீர்?"

"சும்மாதான் அக்கா."

"சும்மா ஒருத்தரும் விடிய முன்னம் மெசின் எடுக்காயினம். சொல்லும்."

அவன் நிலத்தைப் பார்த்தான். "சந்தித் தேத்தண்ணிக் கடைக்கும் குடுக்கிறனான். காசுக்குத்தான். கடைக்காரர் இண்டைக்கு விடியவே வேணுமெண்டவர். மிச்சம் வாடிக்குத்தான் அக்கா, சத்தியமா."

பார்த்தீர்களா! நான் சந்தேகப்பட்டது சரி! அவனைக் கிழித்துத் தோரணம் கட்ட வாயைத் திறந்தேன், அப்போதுதான் உறைத்தது. இவர் எப்படியும் விடியக் கிணற்றடிக்குப் போயிருப்பார், பாம்பும் அங்கே கிடந்திருக்கும், அவன் களவாக விற்காதவனாக இருந்தால் வெயில் ஏறித்தான் வந்திருப்பான். பிள்ளையார் என் சொல்லைக் கேட்டிருந்தால் வந்தேயிருக்கமாட்டான். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

இவர் கண் திறந்து கதைக்கத் தொடங்கியதும், அதையும் வைத்திருக்க முடியாமல் சொன்னேன். "அவன் தண்ணியை விக்கிறான். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப துவக்கம்?"

"முதல் நாள் துவக்கம். கடைக்கு வாறவைக்கும் தாகந்தானே."

அந்தக் கட்டிலிலேயே இவரை ஏசினேன். ஏசிக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிய அன்றே தேங்காயோடு கோயிலுக்குப் போனேன். மெசின் வராததற்கு நேர்ந்த தேங்காய், வந்ததற்கு உடைத்தேன். கிணறு அந்தக் கோடை முழுக்கச் சாடையாகக் கரித்தபடியே நின்றது. படலையை நான் மூடவில்லை. மாரி வந்ததும் தண்ணீர் பழையபடி தெளிந்தது.

அந்த ராசாவிடம் கையேந்தியவர்கள் கடைசியில் தேவர்களாக நின்றார்களாம். மணியம் கடைசிவரை மணியமாகத்தான் நின்றான். அதற்குப் பிறகும் தண்ணீருக்கு வந்தான். கடைக்கு எவ்வளவு, வாடிக்கு எவ்வளவு என்று கேட்பேன். பொய்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஆனாலும் துலாவைப் பிடித்து நானே அள்ளி ஊற்றினேன்.

ஆட்களை நம்புங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். எனக்கே அது வராது. பிள்ளையாரை நம்புங்கள். அவர் யார் கையில் எதைக் கொடுத்து அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான், படலையடியில் யார் வந்து நின்றாலும் மேலும் கீழும் ஒருதரம் பார்த்துவிட்டு, "உள்ளை வாங்கோ" என்கிறேன்.