காணவில்லை அறிவிப்பில் வந்த மாமா

அரசு சேனலை இன்று எங்கள் வீட்டில் யாரும் சீந்துவதில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அருள்புரம் முழுவதற்கும் அது ஒன்றுதான், டிவி இருந்ததும் எங்கள் வீட்டில் மட்டும்தான். சாயங்காலச் செய்திக்கு முன்னால் ‘காணவில்லை’ அறிவிப்பு வரும். இசை கிடையாது. ஒரு புகைப்படம் அசையாமல் நிற்கும். உயரம், நிறம், தழும்பு என்று ஒரு பெண்குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்கும். கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கும். ஆனாலும் பார்ப்பேன், அப்படியொரு கொழுப்பு.

அந்த வருடம் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜாதகத்தைக் காட்டியே முப்பத்து நான்கு வயதுவரை தட்டிக்கழிக்கப்பட்டவள். மாப்பிள்ளை, அப்பாவின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தெற்கத்திக்காரர், சொந்தமென்று யாருமில்லை என்று சொல்லி வந்தவர். தங்கமான மனிதர் என்று அப்பா மெச்சிக்கொண்டார். நான் அப்போதே மாமா என்றுதான் கூப்பிட்டேன்.

ஒரு நாள் டீ குடிக்க வந்த மாமாவும் நானும் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அறிவிப்பில் அவரே வந்தார். அதே புருவத் தழும்பு, கழுத்தில் மாலை. திரைக்குள்ளிருந்து என்னையே பார்த்தார். பக்கத்தில் திரும்பினேன், இவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் வாயருகில் நின்றுவிட்டது.

“அது வேற ஆளு, பாப்பா,” என்று எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

எங்கள் வீட்டில் மாலை போட்ட படமெல்லாம் செத்தவர்களுடையது. ஆகவே மாமா பேய்தான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அவர் மிட்டாய் தந்தபோது விரல் சில்லென்றிருந்தது, சத்தியமாக. பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன்.

“ஏனுங்கத்தே, மாமா செத்துப்போனவருங்களா?”

சிரித்தாள். டிவியில் பார்த்ததை, மாலையோடு சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“ஒத்தையாவா இருந்தாரு, கண்ணு?”

“ஆமாங்கத்தே. ஓரத்துல மட்டும் ஆரோ ஒருத்தரு தோளு. பட்டுச்சேலைங்க.”

அத்தை மறுபடி கத்தரியை எடுத்தாள். வெட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டினாள்.

அன்று சாயங்காலம் அப்பா செய்தி பார்க்க வருவதற்கு முன்னால் அவள் மாடியேறினாள். மேலே ஆன்டெனா கிறீச்சிட்டது. திரை முழுக்கப் புள்ளிகள். அதற்குள் ஒரு முகம் தெளிவதும் கரைவதுமாக இருந்தது. குரல் மட்டும் கரகரவென்று உயரத்தையும் நிறத்தையும் சொல்லிக்கொண்டே போனது.

“காத்துக்குத் திரும்பிடுச்சுங்கண்ணா,” என்றாள் அப்பாவிடம்.

கல்யாணம் முடிந்து சில நாள்வரை தினமும் அந்த நேரத்துக்கு ஏறினாள். பேயை வீட்டுக்குள் விடாமல் அத்தை தடுக்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறம் எதற்கு அந்தப் பேயையே கட்டிக்கொள்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

தாலி கட்டிய அடுத்த வாரம் அறிவிப்பில் வேறு யாரோ ஒரு கிழவர் வந்தார். மாமாவின் படம் அதற்குப் பிறகு வரவேயில்லை. பேய் ஒழிந்தது என்று நான் கைதட்டினேன். அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அத்தனை நாளும் எங்கோ ஓர் ஊரில், என் வயதுப் பிள்ளையொன்று, தன் அப்பா முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.