அம்மா மயங்கி விழும் விசேஷங்கள்

திட்டுகிறவர்கள் இப்போதே திட்டிவிடுங்கள். பெற்ற தாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அதுவும் நல்லவிதமாக இல்லை. தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். அம்மா என்றால் தெய்வம், தியாகம், மெழுகுவர்த்தி என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். நம் கதைகளில் பொல்லாத மாமியாருக்கு இடம் உண்டு, கொடுமைக்காரச் சித்திக்கு உண்டு. பொல்லாத அம்மாவுக்கு மட்டும் உட்கார ஒரு மூலை இல்லை. எங்கள் அம்மாவை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

எங்கள் வீட்டில் யாருக்கு விசேஷம் வந்தாலும் அம்மாவுக்கு மயக்கம் வரும். பத்தாவது பரீட்சையில் நான் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த அன்று மயக்கம். என் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து மயக்கம். தங்கச்சி வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலிருந்தே படபடப்பு. விழுவதும் கண்ட இடத்தில் விழமாட்டாள். நாற்காலி, கட்டில், யாராவது ஒருத்தர் தோள் என்று பார்த்துத்தான் விழுவாள். சோடா வரும், விசிறி வரும், சொந்தபந்தம் மொத்தமும் சுற்றி நிற்கும். மாலை போட்டுக்கொள்ள வேண்டியவள் ஓரமாக நின்று விசிறிக்கொண்டிருப்பாள். அப்பாவுக்கு இது பழகிப்போச்சு. அம்மா சரிய ஆரம்பித்ததுமே வயலுக்குத் தண்ணி பார்க்கக் கிளம்பிவிடுவார். ஆற்றில் தண்ணி வராத மாசத்திலும் தண்ணி பார்க்கப் போன ஒரே விவசாயி எங்கப்பாதான்.

பி.எட். படிக்கும்போதுதான் இதற்கு உளவியலில் ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. இங்கிலீஷில் நார்சிசிசம், தமிழில் தன்மோகம் என்று போட்டிருந்தார்கள். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து அதிலேயே கிறங்கிப்போன யாரோ ஒரு வெளிநாட்டுப் பையனின் கதையையும் சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு வகுப்பிலேயே சிரிப்பு வந்துவிட்டது. கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வாய்க்காலில் வருகிற கலங்கல் தண்ணியில் எருமை முகம்கூடத் தெரியாது. அம்மாவுக்குத் தண்ணி எதற்கு? பதறுகிற நாலு முகம் போதும். அதில்தான் அவள் தன்னைப் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அந்த வார்த்தை கடைத்தெருவுக்கே வந்துவிட்டது. புருஷனைப் பிடிக்கவில்லையா, நார்சிசிஸ்ட். மேனேஜர் லீவு தரவில்லையா, நார்சிசிஸ்ட். எங்கள் ஸ்டாஃப் ரூமில் எந்நேரமும் செல்ஃபி எடுக்கிற சின்ன டீச்சரைக்கூட அப்படிச் சொல்கிறார்கள். அட போங்கப்பா. அந்தப் பெண் அழகாக இருக்கிறாள், எடுத்துக்கொள்கிறாள், யாருக்கு என்ன நஷ்டம்? தன்னைத் தனக்குப் பிடிப்பது ஒரு வியாதியா? அடுத்தவர் இலையில் பாயசம் விழும்போது எனக்கு நெஞ்சு வலிக்குது என்று பந்தியையே நிறுத்துவது இருக்கிறதே, அது வேறு. அம்மாவுக்கு இருப்பது அந்த வியாதிதானா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. கூட இருந்து பட்டவள். அந்தத் தகுதி போதும் எனக்கு.

என் பிரசவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன்படி நானும் போனேன். ஒரு மத்தியானம் வலி எடுத்தது. ஆட்டோ வாசலுக்கு வந்து நின்றது. நான் ஏறப் போகிற நேரம் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சரிந்தாள். என்னைத் தாங்கிப் பிடித்திருந்த சனமெல்லாம் உள்ளே ஓடியது. அம்மாவைத் தூக்கிவந்து அதே ஆட்டோவில் படுக்க வைத்தார்கள். உனக்கு இப்பதானே வலி ஆரம்பிச்சிருக்கு, அடுத்த வண்டியில வாம்மா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. என் மகன் அழாமல் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தால் பிள்ளை இல்லை என்று டாக்டரம்மா கத்தினார். அம்மாவுக்கு வாயுத்தொல்லையாம். பார்க்க வந்தவர்களின் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் முதலில் அம்மா கட்டிலுக்குத்தான் போயின.

மகன் பிழைத்துக்கொண்டான், இப்போது என்னைவிட உயரம். என் வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மாதானே, மறந்துவிடு என்று புத்தி சொல்கிறவர்கள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலியோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

அதனால்தான் தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது சந்தோஷத்தோடு எனக்குப் பயமும் வந்தது. ஏழாம் மாதத்திலேயே அவளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. ஏதாவது ஒன்றென்றால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ வாயில்லாப்பூச்சி, அம்மா கூப்பிட்டால் போய்விடுவாள். வலி எடுக்கிற அன்று அந்த வீட்டில் யார் முதலில் ஆட்டோவில் ஏறுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரத்தநாட்டில் தங்கச்சியின் புகுந்த வீட்டில் வளைகாப்பு நடந்தது. முடிந்த கையோடு அம்மா அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கன்னத்தில் சந்தனமும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாகத் தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எந்தப் போட்டோ எடுத்தாலும் அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். போட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா, பொண்ணை மட்டும் ஒண்ணு எடுத்துக்கறேன் என்றார். போச்சு. அம்மா முகம் சுண்டிப்போனது. பக்கத்து நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து அதில் சரிந்தாள்.

கூட்டம் அந்தப் பக்கம் பாய்ந்தது. தங்கச்சி அழுதுகொண்டே எழுந்தாள், அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. அவளுக்காக மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்த பிரஷர் மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை, முதலில் அம்மா கையில்தான் கட்டினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடுத்துத் தங்கச்சி கையில் கட்டினேன். மெஷின் காட்டியதைப் பார்த்து மாப்பிள்ளை முகம் வெளிறிவிட்டது. அப்போதும் கூட்டம் அம்மாவை விட்டு நகரவில்லை. பெத்தவ கிடக்கறா, மெஷினாம் மெஷின் என்று ஒரு குரல் வந்தது.

எனக்கு வந்ததே கோபம். "அவங்க கிடக்கட்டும். இவளை நான் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போறேன். பிரசவம் முடியற வரைக்கும் என் வீட்டுலதான் இருப்பா."

அம்மா சட்டென்று கண்ணைத் திறந்தாள். "தலைப்பிரசவத்தை நான் பார்க்கலைன்னா ஊருல என்னைப் பத்தி என்னடி பேசுவாங்க?"

என்னைப் பத்தியாம். மெஷின் என்ன காட்டுது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசட்டும் என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்தேன். மாப்பிள்ளை காரை எடுத்தார். ஓடிப்போகப் பக்கத்தில் வயல் இல்லாததாலோ என்னவோ, அப்பா மட்டும் தங்கச்சியின் பையைத் தூக்கிவந்து டிக்கியில் வைத்தார்.

ஊர் பேசத்தான் செய்தது. வழக்கத்தைக் கெடுத்தவள், தாயையும் மகளையும் பிரித்தவள், படித்த திமிர் பிடித்தவள். ஆமாம், திமிர்தான். அம்மா தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் நன்றிகெட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு வாசகம் போட்டாள், ஒவ்வொன்றிலும் அவள் படம். தங்கச்சி அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பிறகு பார்ப்பதை விட்டாள், நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் தலைவலிக்குது, கண்ணு மங்குது என்றாள். போட்டது போட்டபடி கிளம்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடனே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. பிறந்ததும் வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். வார்டுக்குள் அவள் வருவதற்கு முன்னாலேயே குரல் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்காகத் தான் எத்தனை கோயில் ஏறி இறங்கினோம், எப்படிச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தோம் என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொன்னாள். உனக்கு எப்படி இருக்கு என்று தங்கச்சியைக் கேட்கவில்லை. தன் போனை என் கையில் திணித்து, பிள்ளையோடு தன்னை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். தூங்குகிற பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி தன் கையைக் குறுக்கே வைத்தாள்.

"முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாம்மா. போட்டோ எல்லாம் வேண்டாம். அவ தூங்குறா."

அம்மா ஆடிப்போய்விட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் யாருன்னு நெனச்சுடி பேசுற?"

"இவளுக்கு அம்மாச்சி" என்றாள் தங்கச்சி. "அவ்வளவுதான்."

அம்மா கை கழுவப் போனாள்.