கோதுமை படாத தட்டு

மேசையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி மல்லிகா. எங்கள் மகள் ரேவதி. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற அனிகேத், மராட்டிப் பையன்.

பூனாவில், கல்யாணி நகரில் ஒரு பெரிய ஸ்டேக் ஹோட்டல். ஸ்டேக் என்றால் தடித்த கறித் துண்டு, உப்பும் மிளகும் போட்டுத் தீயில் வாட்டியது. ரேவதிதான் தேடிப் பிடித்தாள். கோதுமை ஆகாதவர்களுக்குத் தனிச் சட்டியில் சமைப்போம் என்று போனில் சொன்னார்களாம்.

எனக்குக் கோதுமை ஆகாது. அது தெரிய நாளாயிற்று. போசரியில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். கேன்டீனில் சப்பாத்திதான். வயிறு போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் மிஷின் முன்னால் கண் இருட்டியது. சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ரத்தம் குறைவு என்றார்கள். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது), பயாப்ஸி (குடலில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எல்லாம் செய்தார்கள். சீலியாக் என்றார் டாக்டரம்மா. கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம். அது உள்ளே போனால் உடம்பு தன் குடலையே தாக்குகிறது.

மருந்து என்ன என்று கேட்டேன்.

"விடுவதுதான் மருந்து. சப்பாத்தி, மைதா, ரவை, பார்லி எல்லாம். ஒரு துணுக்குகூடக் கூடாது. உயிரோடு இருக்கும்வரை" என்றார் இந்தியில்.

உங்களுக்கும் இது வந்திருந்தால் முதலில் பெருங்காய டப்பாவைப் பாருங்கள். பலதில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டு ரசமே என்னைப் படுக்கவைத்தது.

மல்லிகா எனக்குத் தனி தோசைக்கல் வைத்தாள். தனிக் கரண்டி வைத்தாள். விசேஷ வீடுகளில் நான் சாப்பிடுவதில்லை. பந்தி நடக்கும்போது வெளியே, செருப்பு கிடக்கிற இடத்தில் நிற்பேன். கேட்டால் பசி இல்லை என்பேன். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

ரேவதிக்குத் தையில் கல்யாணம். "என் கல்யாணத்துலயும் வாசல்லதான் நிப்பியாப்பா?" என்று கேட்டாள். அதற்குத்தான் இந்த ஹோட்டல். வெளியில் ஒரு வேளை எல்லோரோடும் சாப்பிட்டுப் படுக்காமல் இருந்தால், பந்தியிலும் உட்காரலாம்.

பரிமாறுபவர் வந்தார். வாய்ப் பழக்கத்தில் "உப்வாஸ் ஹை" என்றேன். பூனாவில் சின்னக் கடைகளில் விரதம் என்று சொன்னால் ஜவ்வரிசி, சாமை தருவார்கள். நோயை விளக்க வேண்டாம். சொன்ன வாயோடு மெனு அட்டையில் எருமைக் கறியைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தபடி நின்றார்.

"காகா, உப்வாஸாலா ஸ்டேக்?" விரதத்துக்குக் கறியா என்று அனிகேத் சிரித்தான். தன் அம்மா காதில் விழுந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்றான்.

"நீ சும்மா இரு" என்று அவனை அடக்கிவிட்டு ரேவதி பரிமாறுபவரிடம் இங்கிலீஷில் விளக்கினாள். நிறைய நேரம் விளக்கினாள். என் குடலைப் பற்றித்தான். நான் முள்கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டுகள் வந்தன. மல்லிகா எருமை தொடமாட்டாள். கோழி சொல்லியிருந்தாள், மைதா கரைத்த குழம்போடு. ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டாள். நான் கறியில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. ரேவதி போட்டோ எடுத்தாள்.

அப்போது மல்லிகா தன் கோழியில் நல்ல துண்டாகப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான். எங்கே சாப்பிட்டாலும் நல்ல துண்டு எனக்கு வரும். கை மறந்துவிட்டது.

"அம்மா!"

மல்லிகா விரல்களைப் பார்த்தாள். ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது. "அய்யோ. எடுத்துடுறேங்க."

"எடுத்தா போச்சா? குழம்பு பட்டுடுச்சும்மா."

"ஓரமாத்தானடி பட்டுச்சு..."

என் கறியின் மறுபக்கம் சுத்தமாகத்தான் தெரிந்தது. சாப்பிட்டால் அவள் முகம் சரியாகிவிடும். நான் வாரக்கணக்கில் படுப்பேன். தட்டைத் தள்ளிவைத்தேன்.

பரிமாறுபவர் வேறு செய்து தருகிறேன் என்றார். அது வருவதற்குள் பிள்ளைகள் இருவரும் முடித்துவிட்டார்கள். மல்லிகா பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் தட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள். மேசையில் என் தட்டு மட்டும். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எல்லோரோடும் சாப்பிட வந்தேன். தனியாக மென்றேன்.

"நல்லா இருக்குங்களா?" மல்லிகா கேட்டாள்.

"ம்."

திரும்பும்போது ஆட்டோவில் மல்லிகா சொன்னாள்: "கல்யாணத்துல உங்க பக்கத்து எலைல நான் உட்கார மாட்டேங்க. என் கைய நம்ப முடியாது."

அவள் சொன்னது சரி.

முன்பு பசித்தால்தான் உடம்பு ஞாபகம் வரும். இப்போது சாப்பிட்ட பிறகு வருகிறது. ஒரு வேளைச் சாப்பாடு மறுநாள் மதியம்தான் முடிகிறது. அதுவரை அடுத்த வீட்டுச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி வயிற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுநாள் மதியம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஷிஃப்டுக்குப் போனேன்.

கல்யாணச் சமையல்காரர் சாங்வியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலத்துக்காரர். இலைக் கணக்கு கேட்டார். முந்நூறு என்றாள் மல்லிகா. கூடவே, தனிச் சட்டியில், தனிக் கரண்டியில், பெருங்காயம் போடாமல் கொஞ்சம் சமைக்க வேண்டும் என்றாள்.

"அது எத்தனை எலைங்கக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

ஒன்று.